பழைய ஜிப்ஸிக்கு டிஃப் லாக்: பின் அச்சில் ஒன்று போதும்

ஃபோர் வீல் லோ போட்ட பிறகும் ஜிப்ஸி நகராமல் நிற்கும் இடங்கள் உண்டு. பின்னால் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் சுற்றும். அதற்குக் குறுக்கே, முன்னால் ஒரு சக்கரம் சேற்றைத் துழாவும். மற்ற இரண்டும் கெட்டித் தரையில் இருந்தும் அசையாது. இஞ்சினில் குறை இல்லை, ஓட்டுபவரிடமும் குறை இல்லை. டிஃபரன்ஷியலின் இயல்பே அப்படி. அந்த இயல்பைத் தேவையான நேரத்தில் கட்டிப்போடுவதுதான் லாக்கரின் வேலை.

1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ ஜிப்ஸி கிங் ஒன்றின் பின் அச்சில் முதலில் தானியங்கி லாக்கரையும், பிறகு காற்றழுத்தத்தில் இயங்கும் லாக்கரையும் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். களம், வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகள்; நேரம், தென்மேற்குப் பருவமழைக் காலம். தோட்டத்தாரின் அனுமதியோடு ஓட்டியது.

சிக்கல் எங்கே?

வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் கியர்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. அதே கியர்கள் இரண்டு பக்கத்துக்கும் சம அளவு விசையைத்தான் அனுப்பும். ஒரு டயருக்குப் பிடி இல்லையென்றால் அந்தப் பக்கம் விசை ஏறாது. மறுபக்கமும் அதே சொற்ப அளவோடு நின்றுவிடும். நுகத்தடியில் ஒரு மாடு தளர்ந்துவிட்டால், மற்றது எவ்வளவு இழுத்தாலும் நுகம்தான் திரும்பும், பாரம் நகராது. இங்கே நடப்பதும் அதுதான்.

ஜிப்ஸியின் இரண்டு அச்சுகளிலும் சாதாரண டிஃபரன்ஷியல்தான். நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங் என்பதால் சக்கரம் பள்ளத்துக்குள் அதிகம் இறங்காது. சட்டென்று தரையைவிட்டு எழும்பிவிடும். ஏபிஎஸ் கிடையாது. எனவே சுற்றுகிற சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துச் சமாளிக்கும் புதிய வண்டிகளின் உத்திக்கும் இதில் வழியில்லை. மஹிந்திரா 2015-இல் புதுப்பித்த ‘தார்’ வண்டியில், ஈட்டனின் மெக்கானிக்கல் லாக்கைப் பின் அச்சுக்குக் கம்பெனியிலேயே கொடுத்தது. ஜிப்ஸிக்காரர்கள் வெளியில் வாங்கித்தான் பொருத்த வேண்டும். ஜிப்ஸியும் வெளிநாட்டில் விற்ற சுசுகி சாமுராயும் ஒரே குடும்பம் என்பதால் பொருள் கிடைக்கிறது. வாங்குமுன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வழிகள்

தானியங்கி லாக்கர் பழைய டிஃபரன்ஷியல் கேஸுக்குள்ளேயே, ஸ்டார் கியர்கள் இருந்த இடத்தில் உட்காரும். கிரவுன் வீலைக் கழற்றி மறுபடி செட் செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. விலையும் குறைவு. எப்போதும் பூட்டிய நிலையில் இருக்கும். திரும்பும்போது மட்டும் வெளிச் சக்கரத்தை விடுவிக்கும். சுவிட்ச் கிடையாது.

காற்று லாக்கரை ஓட்டுபவர்தான் போட வேண்டும், எடுக்க வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று காற்றைச் சேர்த்துவைக்கும். சுவிட்சைத் தட்டினால் அந்தக் காற்று அச்சுக்குள் போய் ஒரு பிஸ்டனைத் தள்ளி, பக்கக் கியரைக் கேஸோடு பிணைத்துவிடும். சுவிட்சை அணைத்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப விடுவிக்கும். ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி இந்த வகையில் பெயர் பெற்றது. இதே வேலையை மின்காந்தத்தால் செய்யும் லாக்கர்களும் உண்டு. கம்ப்ரசர், குழாய், வயரிங், இறக்குமதி வரி எல்லாம் சேரும்போது செலவு தானியங்கி வகையைப்போலப் பல மடங்கு.

பொருத்தும் வேலை

ஜிப்ஸியின் அச்சு இந்த வேலைக்குத் தோதானது. ஆயிலை வடித்து, பின் டிரம்களைக் கழற்றி, ஷாஃப்ட்களை வெளியே இழுத்து, புரொபெல்லர் ஷாஃப்ட்டைப் பிரித்தால், கிரவுன் பினியன் முழுவதும் ஒரே உருப்படியாக ஹவுசிங்கிலிருந்து வெளியே வந்துவிடும். மிச்ச வேலையை மேஜைமேல் வைத்துச் செய்யலாம்.

காற்று லாக்கருக்கு அந்த மிச்ச வேலைதான் உயிர்நாடி. கிரவுன் வீல் புதிய கேஸுக்கு மாறுகிறது. பேக்லாஷ், அதாவது பற்களுக்கிடையே விடும் தளர்வு, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவிலான நுணுக்கம். டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப்பார்த்துச் சொல்லும் விஷயம் அல்ல. பல்லில் மார்க்கிங் பூசி, பற்கள் எந்த இடத்தில் தொடுகின்றன என்று பார்க்க வேண்டும். பேரிங் கேப்கள் இடம் மாறாதபடி முதலிலேயே அடையாளம் வைக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். தப்பாக செட் செய்த கிரவுன் முதலில் ஊளையிடும், பிறகு பல்லைத் தின்றுவிடும்.

கையோடு ஆயில் சீல்களையும் மாற்றிவிடுவது நல்லது. காற்றுக் குழாய் சைலென்சரிலிருந்து விலகிப் போக வேண்டும். அச்சு முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும். அச்சுக்குள் காற்று கசிந்தால் பிரீத்தர் வழியாக ஆயில் துப்பும். அந்த அறிகுறியைக் கண்டதும் கவனியுங்கள்.

சேற்றில்

தானியங்கி லாக்கர் முதல் பள்ளத்திலேயே தன்னை நிரூபித்தது. பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டு எழும்பியும் வண்டி தயங்கவில்லை. காற்று லாக்கரிலும் பலன் அதேதான். ஆனால் எப்போது வேண்டும் என்பதை நான் தீர்மானிக்க முடிந்தது. லோவில் முதல் கியர், ஆக்ஸிலரேட்டரில் மெல்லக் கால், அவ்வளவுதான். முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஏற்றத்தைக் கடக்க வேகம் எடுத்து மோதியாக வேண்டும். சேஸிஸ் அதிரும், பட்டை முறியும், பாதையில் குழி விழும், அடுத்த மழையில் அந்தக் குழி ஓடையாகும். லாக்கர் போட்ட வண்டி அதே இடத்தை நடை வேகத்தில் கடக்கிறது. இருபது, முப்பது வயதான வண்டிக்கும், தேயிலை மூட்டையும் ஆட்களும் தினமும் போகிற மண் பாதைக்கும் இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை. லாக்கருக்குச் செலவழிக்கலாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

இறக்கத்திலும் பலன் உண்டு. ஒரு சக்கரம் எழும்பினாலும் இஞ்சின் பிரேக் கைவிடுவதில்லை.

ஆபத்தும் இருக்கிறது, தெளிவாகச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் சரிந்த வழுக்குப் பாதையில் சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் ஒரு சக்கரம் சுற்றும், மற்றது வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துவைத்திருக்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்து சுற்றும். வண்டியின் பின்பக்கம் மொத்தமாகச் சரிவை நோக்கி இறங்கும். தேயிலைச் சரிவுகளில் இது உயிர் விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் காற்று லாக்கரை அணைத்துவிடலாம். தானியங்கி வகையில் அந்த வசதி இல்லை.

தார் சாலையில்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். வித்தியாசத்தை அவை காட்டிக்கொடுத்தன. தானியங்கி லாக்கர் வளைவுதோறும் பின்னால் ‘டக் டக்’ என்று பேசியது. வளைவில் காலை எடுத்து மறுபடி கொடுத்தால் வண்டி ஒரு பக்கம் லேசாக எட்டிப்பார்க்கும். 2,375 மில்லிமீட்டர் வீல்பேஸ் உள்ள லேசான வண்டியில் இது நன்றாகவே தெரிகிறது. ஈரத்தில் நிம்மதி போய்விடும். இரண்டு பின் டயர்களின் தேய்மானமும் காற்றும் ஒன்றாக இல்லாவிட்டால் தொல்லை இன்னும் கூடும். அணைத்துவைத்த காற்று லாக்கரோ இருப்பதே தெரியவில்லை. அதைப் போட்டபடி திருப்பினால் மட்டும் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகும். எனவே கெட்டித் தரை வந்ததும் அணைத்துவிட வேண்டும். சிலசமயம் உடனே விடுபடாது. காலை எடுத்து ஸ்டீரிங்கைச் சற்று அசைத்தால் விட்டுவிடும்.

முன் அச்சுக்கு?

வேண்டாம். பூட்டிய அச்சில் ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால் மொத்த விசையும் மற்ற ஷாஃப்ட் ஒன்றின்மேல் ஏறுகிறது. முன் அச்சில் ஸ்டீரிங் முழுதாகத் திரும்பியிருக்கும் நேரத்தில் அந்தச் சுமை சி.வி. ஜாயின்ட்டை உடைக்கும். காட்டுக்குள் அது உடைந்தால் வண்டியை இழுத்துத்தான் வர வேண்டும்.

யாருக்கு, எப்போது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைத்திருக்கிறது. பணம் கொடுக்குமுன் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள்.

வண்டி பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே ஓடுகிறது, பணமும் கையைக் கடிக்கிறது என்றால் தானியங்கி லாக்கர் போதும். ஊருக்கும் மலைக்கும் ஒரே வண்டி என்றால், அதிலும் வீட்டில் பலர் அதை ஓட்டுவார்கள் என்றால், காற்று லாக்கருக்காகக் காத்திருந்து பணம் சேர்த்துவையுங்கள். அதன் கம்ப்ரசர் டயருக்குக் காற்றடிக்கவும் உதவும்.

அதற்குமுன் நல்ல மட் டயர் நான்கு வாங்குங்கள். சேற்றுக்குள் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகுங்கள். பாதி இடங்களில் அதுவே கரைசேர்த்துவிடும். அதற்குப் பிறகும் வண்டி தினமும் நிற்கிற இடம் ஒன்று உங்கள் பாதையில் இருந்தால், அன்றைக்குப் பின் அச்சுக்கு லாக்கர் வாங்குங்கள். கொடுத்த காசுக்குப் பலன் நிச்சயம்.