உறுமியும் ஊசியும்: எம்.ஐ.ஏ.யின் இசைத்தொகுப்புகளை முன்வைத்து

தமிழ் விமர்சனத்துக்குக் கண் உண்டு, வாய் நிறையவே உண்டு, காது கிடையாது. ஒரு பாட்டைப் பற்றி எழுதச் சொன்னால் வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். பழைய ஆட்கள் எதுகை மோனை பார்ப்பார்கள். கொஞ்சம் கோட்பாடு படித்தவர்கள் வரிகளுக்குள் பதுங்கியிருக்கும் சாதியையும் ஆணையும் தோண்டி எடுப்பார்கள். இரண்டு தரப்புக்கும் பாட்டு என்பது காகிதத்தில் அச்சடித்த பிரதிதான். மேளம் என்ன சொல்லுது என்று கேட்பது சபா விமர்சகர்களின் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். சபாவிலோ உறுமிக்கும் பம்பைக்கும் இடம் இல்லை. ஆக அவற்றைப் பற்றிப் பேச ஒருத்தரும் இல்லை.

இந்தச் செவிட்டுத்தனத்துக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் கொண்டுபோகப்பட்டு, நடுவில் சென்னையிலும் இருந்து, 1986 இல் அகதியாக லண்டன் திரும்பியவர். பெயரின் விரிவு 'போரில் காணாமற்போனவர்'. லண்டனில் அவர் வாழ்ந்த ஆக்டன் என்ற பகுதியின் பெயரையும் அதற்குள் ஒளித்து வைத்த சிலேடை அது. அருளர் (2005), கலா (2007), மாயா (2010), மாதங்கி (2013), எய்ம் (2016), மாதா (2022) என்று ஆறு தொகுப்புகள். நான் இவருடைய ரசிகன். விமர்சகன் தன்னை ரசிகன் என்று சொல்லிக்கொள்வது நம் வட்டாரத்தில் கௌரவக் குறைச்சல். இருக்கட்டும்.

தமிழில் இவரைப் பற்றி நான் கேட்ட பேச்செல்லாம் இரண்டே வகை. ஒன்று: 'உலக மேடையில் ஈழத்தின் குரல்'. இதைச் சொல்கிறவர்களில் பலர் ஒரு தொகுப்பைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. இன்னொன்று, தமிழ்த்துறைக் கேள்வி. எம்.ஏ. படிக்கும்போது ஒரு பேராசிரியரிடம் 'கலா'வைப் போட்டுக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு, "எல்லாம் சரிப்பா, இதுல தமிழ் எங்க இருக்கு?" என்றார். இந்த இரண்டு வாசிப்புமே சொல்லைத்தான் தேடுகின்றன. ஒருத்தருக்கு அரசியல் முழக்கம் வேண்டும், இன்னொருத்தருக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்.

முழக்கம் தேடுகிறவர்களுக்கு வசதியானது 'அருளர்'. தகப்பன் பெயர். அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அட்டையில் அச்சுவெட்டு ஓவியங்கள், பீரங்கி, துப்பாக்கி. புலிப் படமும் அவருடைய ஓவியங்களில் வரும். மேலைநாட்டு எழுத்தாளர்கள் உடனே தகப்பனைப் புலி ஆக்கிவிட்டார்கள். ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்ற அரிச்சுவடி அவர்களுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை. நம்ம ஆட்களும் அதையே பெருமையாகச் சொன்னதுதான் வேடிக்கை. எனக்குப் பக்கத்து ஊர் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர். அந்தக் காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் புலியூர்க் கோட்டம். எங்களுக்குப் புலி என்றால் ஊர்ப் பெயர், அவ்வளவுதான்.

'அருளர்' நல்ல தொகுப்பு. ஆனால் அதன் பலம் தகப்பனிடமிருந்து வரவில்லை. தகப்பன் பெரும்பாலும் வீட்டில் இல்லாதவர். இருந்தது ஒரு 505 ரோலண்ட் தாளக்கருவி. ஓவியம் படித்த ஒரு பெண் யாரிடமும் சங்கீதம் கற்காமல், அதன் பொத்தான்களைத் தட்டித் தட்டிக் கட்டிய சத்தம் அது. 'கலாங்'கைக் கேளுங்கள். தாளம் மொட்டையாக நிற்கும், மெத்தென்ற எதுவும் மேலே பரப்பியிருக்காது. பெயர் தகப்பனுடையது, சத்தம் ஒரு இல்லாமையினுடையது. பெயரை மாற்றும்படி அவர் கேட்டதாகவும் மகள் மாற்றவில்லை என்றும் சொல்வார்கள். 2019 இல் அவர் இறந்தார்.

எனக்கு முக்கியமான தொகுப்பு 'கலா'. தாயின் பெயர். 2007 இல் அது வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வந்து என்னோடு படித்த நண்பன்தான் "எங்கட பிள்ளை பாடினது, கேள்" என்று என் நோக்கியாவின் மெமரி கார்டில் ஏற்றித் தந்தான். அந்த நோக்கியா ஆலை அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியிருந்தது (2014 இல் மூடியும் விட்டார்கள்). எங்கள் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகத் தொடங்கிய காலம்.

அந்தத் தொகுப்பு உருவான விதமே ஒரு விசாக் கதை. அமெரிக்காவுக்குள் நுழைய விசா இழுபறியானதால் அங்கே உட்கார்ந்து பதிவு செய்ய முடியவில்லை. சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று அலைந்து சேர்த்த சத்தங்கள். மையம் கதவைச் சாத்தியதால் விளிம்புகள் தமக்குள் பேசிக்கொண்டன என்று நம் பாணியில் எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அதைவிட 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமி எங்கே நிற்கிறது என்பது முக்கியம்.

உறுமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு முகம். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், அது அழுகிற மாதிரி உறுமும். மறுமுகத்தில் அடி விழும். (அதைக் கானாவின் வாத்தியம் என்று வெளியே எழுதுகிறார்கள். கானா பெட்டியிலும் பெஞ்சிலும் டோலக்கிலும் வளர்ந்தது. உறுமிக்குச் சாமியும் சாவும்தான் ஊர்.) நம் சினிமாவில் உறுமி வந்தால் கிராமம் வந்தது என்று அர்த்தம், திருவிழா என்று அர்த்தம். நாயகன் வருவான், உறுமி பின்னால் போய்விடும். 'பேர்ட் ஃப்ளூ'வில் அப்படி இல்லை. சென்னையில் பதிவான மேளமும், 'ஜெயம்' படத்தில் ஆர்.பி.பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் துண்டும் அதில் இருக்கின்றன. கோழிச் சத்தம் வேறு. பாட்டு முழுக்க மேளம் முன்னால் நிற்கிறது. குரல்தான் அதற்கு நடுவே சந்து கிடைத்த இடத்தில் நுழைந்து வெளியே வருகிறது. எங்கள் பக்கத்தில் ஆடி மாசம் கூழ் வார்க்கும்போது பம்பை அடிக்கிற பெரியவர் ஒருவருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். "உறுமிக்காரன் கை சரியா கீது தம்பி. இந்தப் பொண்ணு மேளத்து மேல ஏறி உக்காராம பாடுது" என்றார். இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

தமிழ் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். தொல்காப்பியர் ஒரு நிலத்தின் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று அடுக்குகிறார். பறையும் தொழிலும் பக்கத்துப் பக்கத்தில். ஏறுகோட்பறை, தொண்டகப்பறை, மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் நிலத்துக்கு நிலம் பெயர் சொல்கிறார்கள். அதாவது இந்தப் பறை கேட்டால் இன்ன நிலம், இன்ன வேலை செய்கிற ஜனம். இந்த நூற்பாவை மனப்பாடமாய் ஒப்பிக்கிற தமிழ்த்துறைக்கு, உறுமி காதுக்குள் அடிக்கும்போது தமிழ் கேட்கவில்லை. பறையை நூற்பாவில் வைத்துக்கொண்டோம், அடிக்கிறவனை ஊருக்கு வெளியே வைத்துவிட்டோம். அதன் விளைவுதான் இந்தக் காதடைப்பு என்று நினைக்கிறேன்.

'பாம்பூ பங்கா'வில் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' தாளம் ஓடுகிறது, மேலே அமெரிக்க ராக் பாட்டு ஒன்றின் வாசகம். 'ஜிம்மி' 1982 இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' இந்திப் படப் பாட்டின் மறுபாடல். சின்ன வயசில் அவர் அதற்கு ஆடிக் காட்டிய பாட்டு. எங்கள் தெருவில் லைன் வீட்டில் இருக்கும் ஒடிசாப் பையன்கள், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒப்பந்த வேலை, ஒருநாள் என் அறையில் 'ஜிம்மி' கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாடுவது தமிழ்ப்பெண் என்றதும் அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கோ அந்தப் பாட்டு அவர்களுடையது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. 'பேப்பர் ப்ளேன்ஸ்' பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 'தி க்ளாஷ்' குழுவின் பழைய பாட்டின் மேல், பிள்ளைகள் பாட, துப்பாக்கி வெடிக்க, கல்லாப்பெட்டி திறக்கிறது. வெளிநாட்டுக்காரன் காசைப் பிடுங்க வருகிறான் என்ற பொதுப்புத்தியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு ஆடிய நக்கல். அமெரிக்கத் தொலைக்காட்சியில் துப்பாக்கிச் சத்தத்தை அமுக்கினார்கள். கல்லாப்பெட்டிச் சத்தத்தில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

கலா என்கிற தாய் லண்டனில் தையல் வேலை செய்தவர். அரச விருதுப் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுக்கிற வேலை. 2019 இல் மகளுக்கே அந்த விருதுகளில் ஒன்று அறிவிக்கப்பட்டபோது மகள் இதைத்தான் எழுதினார்: குறைந்த கூலிக்கு அம்மா பல வருஷம் தைத்த பதக்கம். 'கலா' தொகுப்பின் இலக்கணம் இந்தத் தையல்தான். 'அருளர்' தகப்பனைப் போல அறிக்கை விட ஆசைப்படுகிறது. 'கலா' அறிக்கை விடவில்லை. துண்டு துண்டாக எடுத்து ஒட்டுத்துணி தைக்கிறது, தையல் வெளியே தெரியும்படி. அதனால்தான் இரண்டில் இதுவே கூடுதல் அரசியல் என்கிறேன்.

இங்கே ரசிகனை ஓரமாக உட்காரவைத்துவிட்டு ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. துணி யாருடையது? இளையராஜாவுக்குப் பெயர் இருக்கிறது, பட்நாயக்குக்குப் பெயர் இருக்கிறது. உறுமி அடித்தவர்கள் விமர்சனங்களில் 'சென்னை மேளக்காரர்கள்' என்ற கூட்டுப்பெயரோடு நின்றுவிடுகிறார்கள். சாவு வீட்டிலும் அவர்களுக்கு அதே கூட்டுப்பெயர்தான். லைபீரியாவின் துப்பாக்கி விலையைப் பாடும் '20 டாலர்' எனக்கு எப்போதும் நெருடல். அடுத்தவன் ஊர் துயரத்தில் இறங்கி வேடிக்கை பார்த்துவிட்டு வண்டி ஏறுகிற மாதிரி. தைப்பவள் துணிக்கு விலை கொடுத்தாளா என்ற கேள்வியைப் பெண் உழைப்பு, விளிம்பு என்ற சொற்களைத் தூவி மூட முடியாது.

2009 பிப்ரவரி 8, கிராமி விழா. நிறைமாத வயிறு தெரிகிற உடையில் அந்தப் பெண் நான்கு ஆண்களுக்கு நடுவே மேடையில் நிற்கிறார். அன்று வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. அதற்குச் சில நாள் முன் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் இனப்படுகொலை என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மே மாதம் எல்லாம் முடிந்தது. அடுத்த ஆண்டு வந்த 'மாயா'வை, இரைச்சல், கேட்க முடியவில்லை என்று பல விமர்சகர்கள் தள்ளினார்கள். வேறென்ன சத்தம் வரும் என்று எதிர்பார்த்தார்கள்? ஒப்பாரியா? ஒப்பாரி வைக்க உடலாவது கிடைக்க வேண்டும்.

'ஸ்டெப்பின் அப்'பில் துளையிடும் எந்திரத்தின் சத்தமே தாளமாக ஓடுகிறது. அதே 2010 இல்தான் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை ஓடத் தொடங்கியது. பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, "ஷிஃப்ட் முடிஞ்சு படுத்தா காதுக்குள்ள இதான்டா ஓடும்" என்றான். லண்டன் விமர்சகனுக்கு அது இரைச்சல். இவனுக்கு அது எட்டு மணி நேரம். ஏறுகோட்பறை முல்லைக்கு என்றால், இந்த நிலத்துக்கு இதுதான் பறை. தொகுப்பின் முதல் தடம் ஒரு நிமிஷம்கூட இல்லை. இணையமும் அரசாங்கமும் எப்படிக் கோர்த்திருக்கின்றன என்று சொல்கிறது. அப்போது சிரித்தார்கள், 2013 இல் ஸ்னோடன் ஆவணங்கள் வந்த பிறகு சிரிப்பு நின்றது. 'மாயா'வில் சறுக்கல்கள் இல்லாமல் இல்லை. 'டெக்கீலா' ஆறு நிமிஷம் ஓடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. ஆனாலும் தள்ளப்பட்ட அந்தத் தொகுப்பை 'அருளரு'க்கு மேலே வைப்பேன்.

'மாதங்கி' பாதி. 'பேட் கேர்ள்ஸ்' ஒரு பாட்டுக்காகவே வாங்கலாம். பெயர் அவருடைய சொந்தப் பெயர், தேவியின் பெயரும்கூட. தாந்திரிக மரபில் மாதங்கிக்கு எச்சிலைத்தான் படைப்பார்கள், உச்சிஷ்ட மாதங்கி. தீட்டுக்குரிய சண்டாளப் பெண்ணாகவும் இசைக்கு அதிபதியாகவும் ஒரே தேவி. எச்சில் பட்ட சத்தங்களை எடுத்து இசை செய்கிறவருக்கு இதைவிடப் பொருத்தமான தெய்வம் கிடையாது. ஆனால் தொகுப்பு அந்தப் பெயர் தரும் இடத்துக்குள் போகவில்லை. கர்மா, ஓம் என்று மேற்கத்திய யோகா வகுப்பின் சொற்களோடு விளையாடிவிட்டுத் திரும்பிவிடுகிறது.

'எய்ம்' களைத்த தொகுப்பு. 'பேர்ட் சாங்'கில் 'ஆனந்தக் கும்மி'யின் 'ஒரு கிளி உருகுது' துண்டு வருகிறது. இளையராஜாவின் அந்தப் பாட்டு தெரிந்த காதுக்கு, அதன் மேல் பறவைப் பெயர்களை வைத்து அடுக்கும் சொல்விளையாட்டு சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் இருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மேளத்தின் மேல் ஏறி உட்காராமல் பாடியவர் இங்கே ஏறி உட்கார்ந்துவிட்டார். 'மாதா'வில் தேவி போய் ஏசு வந்துவிட்டார் என்று நம்மாட்கள் முகம் சுளித்தார்கள். மதம் மாறியது அவர் விஷயம். எனக்கு அதில் குறை 'தி ஒன்' போன்ற பாட்டுகள் வழவழவென்று இருப்பதுதான். தையல் தெரியவில்லை.