ஆசாரக்கோவையும் அறுகம்பேயும்

இக்கால இளைஞருக்கு ஒழுக்கநடைப் பயிற்சி இன்னமும் வேண்டுமா என வினவுவோர் உளர். வேண்டும் என்பதே எமது விடை. ஆயின் யார்முன் ஒழுகுவதற்கான பயிற்சி?

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை, நூறு பாக்களில் இதற்கு விதி வகுக்கின்றது. விருந்தினர், மூத்தோர், பசு, பறவை, பிள்ளைகள் ஆகியோர்க்கு ஊட்டாமல் உண்ணலாகாது என்று பெருவாயின் முள்ளியார் கூறுமிடத்தில் நெஞ்சு நெகிழ்கின்றது. அவரே, எச்சிலோடு தொடலாகாதவற்றுள் பசு, தீ, தேவரோடு பார்ப்பாரையும் சேர்க்கும்போது, தூய்மை பிறப்போடு பிணைக்கப்படுவதைக் காண்கிறோம். பெரியார்முன் சிரித்தலாகாது, கொட்டாவி விடலாகாது, தும்மலும் ஆகாதாம். (தும்மலை எங்ஙனம் தடுப்பது!) பதவுரையை மனனஞ் செய்விக்கும் நாம், ஒரே நூலில் நிலவும் இவ்விரு குரல்களையும் மாணவர்க்குப் பிரித்துக் காட்டுவதில்லை.

எமது மாணவர் சிலர் பருவகாலத்தில் அறுகம்பே விடுதிகளில் வேலை செய்கின்றனர். அலைச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டார்முன் நிமிர்ந்து நிற்கவும் புன்னகைக்கவும் இனிது பேசவும் விரைவிற் பழகிவிடுகின்றனர். அதே வாயால், மேசை துடைக்கும் சிறுவனை ‘டேய்’ என்றழைக்கவும் கேட்டிருக்கிறோம். மேல்நோக்கி மட்டும் பயின்ற பணிவு அது.

எமது முஸ்லிம் ஊர்கள் அறிந்த ஒழுங்கோ வேறு. வாகனத்திற் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும் முதலில் ஸலாம் சொல்ல வேண்டும். கல்முனை வீதியில் விரையும் மோட்டார்ச் சைக்கிள்காரர் எத்தனைபேர் இதனை நினைக்கின்றனர்? அவர்களை விடுவோம். வகுப்பறைக்குள் நடந்து வருபவர் நாம், அமர்ந்திருப்போர் மாணவர். அவர்கள் எழுந்து ஸலாம் சொல்லும்வரை வாய் திறவாது நிற்பவரும் நாமே.