நாற்பதுக்குப் பின் பெயரில்லை

தமிழ், இளமையை நுணுகி நோக்கிய மொழி. விலங்கு, பறவைகளின் இளமைப் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தன் தொடக்கத்திலேயே வகுத்துரைக்கிறது. பிள்ளைத்தமிழோ குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது.

உலா இலக்கியத்தில் தலைவனைக் காண வீதிக்கு வரும் மகளிர் எழுவகையினர்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் வயது வரம்பில் சற்றே வேறுபடினும், பெரிதும் வழங்கும் கணக்கில் பேதைக்கு வயது 5 முதல் 7; பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. நாற்பதைக் கடந்தவளுக்கு அவ்வீதியில் இடமில்லை. ஆடவர் நிலையும் அதுவே. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என அடுக்கும் பன்னிரு பாட்டியல், முப்பதைத் தாண்டியவரையெல்லாம் முதுமகன் என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது.

அக்காலத்தில் முதியோரே இல்லாததால் இவ்வாறு நேர்ந்தது எனல் பொருந்தாது. புறநானூற்றின் 243ஆம் பாடலில், கோலூன்றி இருமலுக்கிடையே பேசும் முதியவரைச் சந்திக்கிறோம். ஆனால் அவரும் ஆழ்ந்த மடுவில் பாய்ந்து மணலெடுத்துக் காட்டிய தம் இளமையை நினைந்தே இரங்குகிறார். காதலையும் வீரத்தையும் தேடிய கண்ணே பருவங்களுக்குப் பெயரிட்டது. அவை தேய்ந்த இடத்தில் பெயரிடுவதையும் அது நிறுத்திக்கொண்டது.

அன்று அக்குறை சிலரையே தொட்டது. இன்றைய நிலை வேறு. 1951ஐ ஒட்டி இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். குழந்தை இறப்பு மிகுந்திருந்தது அதற்கு ஒரு பெருங்காரணம். இன்று அது எழுபதை ஒட்டி நிற்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர் அறுபதைக் கடந்தவர்கள். தொண்ணூறு வயதுத் தாயை அறுபத்தைந்து வயது மகள் குளிப்பாட்டி, உணவூட்டிப் பேணும் இல்லங்களை நாம் காண்கிறோம். ஒருவர் தாங்குகிறார், மற்றவர் தாங்கப்படுகிறார். இருவரையும் 'முதியோர்' என்றே எழுதுகிறோம். அதனால் தாங்குபவரின் களைப்பு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பெயர் பெறாத துன்பத்திற்கு உதவி எளிதில் வந்து சேர்வதில்லை.

நம் மொழியிலேயே இதற்கு ஒரு வழி உண்டு. தொல்காப்பியத்தில் கிழவன், கிழத்தி என்போர் அகவாழ்வின் தலைவனும் தலைவியும் ஆவர். கிழமை என்றால் உரிமை. உரிமையைச் சுட்டிய அச்சொல் காலப்போக்கில் முதுமையைக் குறித்து, இன்று வசையாகவும் ஒலிக்கிறது. பழஞ்சொல்லை அப்படியே மீட்பது அரிது. அதன் பொருளை மீட்பது நம்மால் இயலும். அறுபதுக்குப் பின் வரும் முப்பது ஆண்டுகளையும் பருவம் பருவமாக நோக்கி, இழந்தவற்றால் அன்றி, இன்னும் உரியவற்றால் பெயரிட நம் எழுத்தாளர்கள் முன்வருவார்களா? அதற்கு முன், அந்தத் தாயையும் மகளையும் வெவ்வேறாகக் காண நாம் பழகுவோம்.