வருகைப் பருவம்

பிள்ளைத்தமிழை அதன் அலங்காரத்துக்காகவே மெச்சுவது நம் பண்டிதர்கள் வழக்கம். 5-ஆம் மாதம் செங்கீரை, 9-இல் சப்பாணி, 12 அல்லது 13-இல் வருகை என்று பாட்டியல்காரர்கள் கணக்கு வைத்தார்கள். (கணக்கில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது.) ஆனால் பாட்டு, குழந்தை நடந்துவிட்டது என்று சொல்லி முடிவதில்லை. ஆடுக, கொட்டுக, வருக என்று வேண்டுகோளாகவே நின்றுவிடுகிறது. பருவத்துக்குப் பத்துப் பாட்டு. பத்துத் தடவை கெஞ்சல். அடுத்த வீட்டுக் குழந்தை நடக்கிறதே, நம்முடையது இன்னும் எழுந்து நிற்கவில்லையே என்று தவிக்கும் தாயின் குரலை நான் இதில்தான் கேட்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குழந்தைகள் தனியே நடக்கத் தொடங்கும் காலம் சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டியும் நீள்கிறது. சில குழந்தைகள் தவழாமலே நடந்துவிடுகின்றன. பாட்டியலுக்கு இந்தத் தாராளம் இல்லை.

17-ஆம் நூற்றாண்டுக் குமரகுருபரர் 5 வயது வரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூர்ச் சன்னிதியில் பழிகிடந்தார்கள் என்றும் கதை உண்டு. மெய்யோ பொய்யோ, மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் வருகைப் பருவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ்கள் பலவற்றில் விளிகள் வெறும் அடுக்காகக் கிடக்கின்றன. இவருடைய விளிகளில் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது தெரிகிறது.