தீர்வைச் சலுகையும் தறியின் நிலையும்

செல்வ நாடுகளுக்கும் வளர்முக நாடுகளுக்கும் இடையே எழும் வாணிக ஏற்பாடுகளைப் பற்றி ஆராய்வோர் இரு திறத்தினர். சந்தை திறக்கப்பட்டால் விருத்தி தானே வந்து சேரும் என்பர் ஒரு சாரார். வலியான் எழுதும் ஓலையில் எளியானுக்கு நன்மை இராது என்பர் மற்றொரு சாரார். இலங்கையின் அனுபவத்தோடு ஒத்துநோக்குமிடத்து இரு கூற்றும் குறையுடையனவாகவே காணப்படுகின்றன. தீர்வை எத்தனை வீதம் குறைந்தது என்று கேட்போர் பலர். அதனால் எத்தொழில் நாட்டிலே வேரூன்றிற்று என்று கேட்போர் சிலரே.

கொரிய யுத்தத்தால் உயர்ந்த இறப்பர் விலை சரிந்து, அரிசி விலையோ ஏறிநின்ற காலத்தில் இலங்கை செய்துகொண்டது 1952 ஆம் ஆண்டின் இறப்பர்–அரிசி உடன்படிக்கை. இறப்பருக்கு இலங்கை வேண்டிய விலையை அமெரிக்கா கொடுக்கவில்லை. அதனைச் சீனாவுக்கு விற்பதையும் விரும்பவில்லை. வர்த்தக அமைச்சராயிருந்த ஆர். ஜி. சேனநாயக்க பீக்கிங் சென்று, அவ்வாண்டு டிசெம்பரில் ஐந்தாண்டு உடன்படிக்கையை நிறைவேற்றினார். ஆண்டுதோறும் 50,000 மெற்றிக் தொன் இறப்பர் செல்ல, 270,000 மெற்றிக் தொன் அரிசி வரும். இறப்பருக்குச் சந்தை விலைக்கு மேற்பட்ட விலை கிடைத்தது. அமெரிக்க உதவி மறுக்கப்பட்ட போதும் இலங்கை பின்வாங்கவில்லை. கல்லோயா நீரைக் கொண்டு அம்பாறைப் பகுதியிற் புதுக் கழனிகள் திருத்தப்பட்ட அதே ஆண்டுகளில் நாடு அரிசிக் கப்பலை எதிர்பார்த்திருந்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தகும்.

இவ்வுடன்படிக்கையைப் புகழாதார் இலர், அப்புகழ் தகுதியுடையதே. ஆயினும் இலங்கை விற்றது தகடாக்கிய மூலப்பொருளையேயாம். நல்ல விலை வந்தது. 1953 இல் மீள்நடுகை மானியத் திட்டமும் தோன்றிற்று. களனியில் டயர்த் தொழிற்சாலை எழுந்ததோ பின்னர், சோவியத் உதவியினால்.

ஏழை நாடுகளின் மூலப்பொருள் விலை, செல்வ நாடுகளின் ஆக்கப்பொருள் விலையோடு ஒப்பிடுகையில் தாழ்ந்துகொண்டே செல்லும் என 1950 இல் ரவுல் பிரேபிஷ், ஹான்ஸ் சிங்கர் என்னும் இரு பொருளியலறிஞர் வாதித்தனர். 1968 இல் புதுடில்லியிற் கூடிய ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி மாநாடு, வளர்முக நாடுகளின் ஆக்கப்பொருளுக்குத் தீர்வைச் சலுகை வழங்கும் கொள்கையை ஏற்றது. இன்று ஜி.எஸ்.பி. எனப்படுவது இதுவே. பலர் இதனை உடன்படிக்கை என்று எழுதுகின்றனர், அது பிழை. உடன்படிக்கையிற் கையொப்பம் இரண்டு. இதுவோ கொடுத்தவர் மீட்டுக்கொள்ளக்கூடிய கொடை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் இலங்கைக்கு அளித்த ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை, மனித உரிமைச் சமவாயங்கள் மூன்றினை அரசு செவ்வனே நிறைவேற்றவில்லை என்ற காரணத்தால் 2010 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் மீண்டது. அக்காரணம் பொய்யென்று கிழக்கிலங்கையில் யுத்தத்தைக் கண்டவர் எவரும் கூறார். ஆயின், அரசு செய்த குற்றத்துக்குரிய தண்டத்தின் சுமை தையற்பொறியின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் மேலும் விழுகின்றதே. இதற்கு அச்சலுகையை வகுத்தோர் விடை கூறினாரல்லர்.

இனித் தறியின் செய்தி. வினாயகபுரத்திலிருந்து கரையோரப் பாதையில் வடக்கு நோக்கிச் செல்வார்க்குக் கல்முனைக்கு அப்பால் மருதமுனை எதிர்ப்படும். நெசவு அவ்வூர் முஸ்லிம் மக்களின் பழந்தொழில். சாரமும் சேலையும் அதன் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அறுபதுகளிலும் எழுபதுகளின் முற்பகுதியிலும் கைத்தறிக்குச் சந்தை இருந்தது. 1977 இல் இறக்குமதி தளர்த்தப்பட்டதும் பிறநாட்டுத் துணி வந்து குவிந்தது. பல தறிகள் ஓய்ந்தன. அரசாங்க நெசவாலைகளும் தனியார் கைக்கு மாறின. 1978 இல் கட்டுநாயக்காவில் ஏற்றுமதி வலயம் திறக்கப்பட்டது. 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைகளை நாட்டுப்புறங்களில் அமைக்கும் திட்டம் தொடங்கிற்று. அங்கே தைக்கப்பட்ட துணியிற் பெரும்பகுதி கப்பலில் வந்ததே.

இவ்விடத்திற்றான் சலுகையின் உட்பொருள் வெளிப்படுகின்றது. ஐரோப்பிய விதிப்படி, சலுகை பெறும் ஆடை இலங்கையில் தைக்கப்பட்டிருந்தால் மட்டும் போதாது. அதன் துணியும் இலங்கையிலோ, விதி ஏற்கும் அயல்நாடுகளிலோ நெய்யப்பட்டிருத்தல் வேண்டும். 2011 இல் இவ்விதி மிகப் பின்தங்கிய நாடுகளுக்குத் தளர்த்தப்பட்டது, பங்களாதேசம் பயனடைந்தது. இலங்கை அப்பட்டியலில் இல்லை. ஆகவே சலுகை இருந்த காலத்திலும் இலங்கை ஆடைகளுள் ஒரு பகுதி தீர்வை செலுத்தியே ஐரோப்பா புகுந்தது. எத்தொழிலைத் திறந்த சந்தை நலித்ததோ, அத்தொழிலையே சலுகையின் விதி கேட்டு நின்றது.

இதற்குச் செல்வ நாடுகளை மாத்திரம் குறைகூறுதல் நேர்மையாகாது. அவ்விதி நூலைக் கேட்கவில்லை, நெசவையே கேட்டது. பிறநாட்டு நூலை மருதமுனையில் நெய்து, அத்துணியைக் கட்டுநாயக்காவில் தைத்தாலும் விதி நிறைவேறும். கைத்தறி தரும் சில முழத் துணி, ஆயிரக்கணக்கான யார் ஒரே சீராக வேண்டும் தொழிற்சாலைக்குப் போதாது என்பர், உண்மையே. விசைத்தறியும் சாயமிடும் ஆலையும் இடையில் நின்றிருந்தால் அவ்விடைவெளி சுருங்கியிருக்கும். ஏற்றுமதி ஆடைக்குத் துணி நெய்யும் ஆலைகள் சில மேற்கிலே எழுந்தன. கல்முனைக் கரையின் நெசவாளரை அவற்றோடு இணைக்கும் வழியை அரசும் வகுக்கவில்லை, சலுகைக்காகப் பிரசெல்சு சென்று வாதாடியோரும் கேட்கவில்லை.