முயற்சியைப் பாராட்டினால் போதுமா?

நோட்டில் 'ழ' சரியாக வளையவில்லை என்று தாளையே கிழித்துவிடும் பிள்ளைகள் உண்டு. பின் அடித்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் மறுபாதியில் உள்ள தாளும் கழன்று வரும். அதில் எழுதியிருந்ததையும் சேர்த்து மறுபடி எழுத உட்காருவார்கள். மணி பத்தாகும், கண் சொருகும், "போதும், படு" என்றாலும் எழ மாட்டார்கள். பொறுப்பான பிள்ளை என்று நாம் பெருமைப்படுவதும் இந்த இடத்தில்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்று பரவலாகச் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு: 'கெட்டிக்காரி' என்று புகழாதீர்கள், முயற்சியைப் பாராட்டுங்கள். இதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, சிலரை 'புத்திசாலி' என்றும் சிலரை 'நன்றாக உழைத்தாய்' என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோரும் தடுமாறினார்கள். புத்திசாலிப் பட்டம் பெற்றவர்கள்தான் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். பட்டம் கொடுத்தால், அதைக் காப்பாற்றும் பயமும் கூடவே வந்துவிடுகிறது. இதை எடுத்துக் காட்டியது பெரிய காரியம்.

ஆனால் தாளைக் கிழிக்கும் பிள்ளைக்கு முயற்சியிலா குறை? பத்து மணி வரை எழுதியதற்காகப் பாராட்டினால், நாளை பதினொரு மணி வரை எழுதத்தான் அது கற்றுக்கொள்ளும். வெறும் உழைப்பைப் புகழ்வது போதாது, கற்கும் வழியையும் பார்க்க வேண்டும் என்று டுவெக்கே 2015இல் எழுதினார். அந்தத் திருத்தம் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

இந்த யோசனையில் இதைவிடப் பெரிய குறை இன்னொன்று உண்டு. பிழையே கூடாது என்ற எண்ணம் பிள்ளைக்குள் தானாக முளைப்பது மட்டுமல்ல. மற்றவர்கள் அப்படி எதிர்பார்க்கிறார்கள் என்ற நினைப்பாலும் வளரும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் கல்லூரி மாணவர்கள் 40,000 பேருக்கு மேற்பட்டோரிடம் திரட்டிய தரவுகளைத் தாமஸ் கரனும் ஆண்ட்ரூ ஹில்லும் ஆராய்ந்தார்கள். 1989 முதல் 2016 வரை மிகுதியாகக் கூடியது இந்த இரண்டாவது வகைதான் என்று கண்டார்கள். தமிழ்நாட்டில் 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தினார்கள். சரியான முடிவு. ஆனால் 98 வாங்கி வரும் பிள்ளையிடம் "மீதி ரெண்டு எங்கே?" என்று கேட்கும் வீட்டை எந்த அரசாணை மாற்றும்? கேட்டுவிட்டு, "நல்லா முயற்சி பண்ணே" என்று சேர்த்துச் சொன்னால், பிள்ளையின் காதில் நிற்பது முதல் கேள்விதான்.

ஆகவே பாராட்டை இரண்டாம் இடத்தில் வைக்கலாம் என்பேன். முதலில், பிழை அப்படியே இருக்க இடம் கொடுக்க வேண்டும். வீட்டுப்பாடத்துக்கு நேரம் வகுத்து, அது முடிந்ததும் நோட்டை மூடச் சொல்லுங்கள். தப்பான எழுத்தின் மேல் ஒரே கோடு போட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போகச் சொல்லுங்கள். ஆசிரியர்களும் அடித்தல் திருத்தலுக்காக முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதச் சொல்வதை விட வேண்டும்; இல்லையென்றால் வீட்டில் செய்வதெல்லாம் மறுநாள் காலையில் வீணாகிவிடும்.

தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்குப் போனால் பேச்சோடு நிறுத்தாதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனாஸ் மனநல ஆலோசனைச் சேவையின் எண் 14416. அழைப்பு இலவசம், 24 மணி நேரமும் பேசலாம்.