புள்ளிக்கு ஆடும் ஊர்

2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் தங்கக் கோப்பை பாலக்காட்டின் கையை விட்டு நழுவியது ஒரே ஒரு புள்ளியில். திருச்சூர் 1008, பாலக்காடு 1007. அதை நினைத்து மாய்ந்துபோனவர்களும் அவ்வாண்டு விழாவின் பெருமை என்று ஒன்றைச் சொல்கிறார்கள்: மங்கலங்களி, பணிய நிருத்தம், இருள நிருத்தம், பளிய நிருத்தம், மலப்புலய ஆட்டம் என ஐந்து பழங்குடி ஆட்டங்கள் முதன்முறையாகப் போட்டிப் பட்டியலில் ஏறின. இவற்றில் மூன்று கேரள–தமிழ்நாட்டு எல்லையோரத்தவை. இருளரின் ஆட்டம் அட்டப்பாடியிலும், பளியருடையது குமுளிப் பக்கமும், மலைப்புலையருடையது மறையூர், காந்தளூரிலும் வாழ்கின்றன. மலைக்கும் சம ஆசனம் கிடைத்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

விழாவின் புண்ணியத்தை மறுக்க முடியாது. 1957இல் எறணாகுளத்தில் தொடங்கியது. மறு ஆண்டே, பின்னாளில் திரைப் பாடகர்களான யேசுதாஸ் வாய்ப்பாட்டிலும் ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் முதல் பரிசு வாங்கினார்கள். அதிகப் புள்ளி வாங்கிய மாணவிக்கும் மாணவனுக்கும் தந்த கலாதிலகம், கலாபிரதிபா பட்டங்களை 2006இல் கைவிட்டதும் நல்ல காரியமே. தன் பாட்டியின் ஆட்டத்தை மாநிலத்தின் பெரிய மேடையில் பார்க்கும் குழந்தைக்கு அது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த மேடைக்கு முன்னால் வகுப்பறை என்று ஒன்று இருக்கிறதே, அங்கே என்ன நடக்கிறது? பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் கேள்வி இது. அரசுப் பள்ளியில் பாட்டு டீச்சர் பணியிடம் பிள்ளைகளின் தலைக்கணக்கைப் பொறுத்தது. மலைப் பள்ளிகளில் தலைகள் குறைவு. அதனால் பாட்டும் குறைவு. ஒப்பந்தத்தில் வருபவரோ ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பங்கு போடப்படுகிறார். சங்கீதம் படித்து வந்த அவர் கலோத்சவக் காலம் நெருங்கியதும் குமாஸ்தா ஆகிவிடுகிறார். பெயர்ப் பட்டியல், உடை வாடகை, வண்டி, உபஜில்லா (துணை மாவட்ட) போட்டியில் கிரேடு குறைந்தால் அப்பீல். உருப்படிக்கு ஒரு பயிற்சியாளர் வெளியிலிருந்து வருவார். மீதி மாதங்களில் பாட்டு வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். ஒரு கலைஞரின் பணிவாழ்வு இப்படிக் கோப்புகளில் கழிகிறது. ஓய்வு பெறும் நாளில் அவர் வாங்கித் தந்த ஏ கிரேடுகளைத்தான் மேடையில் எண்ணுவார்கள். அவரால் பாடக் கற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று யார் கேட்பார்கள்?

பழங்குடி ஆட்டங்கள் வந்து சேர்ந்திருப்பது இந்த ஏற்பாட்டுக்குள்தான். சிவராத்திரிக்கு அட்டப்பாடியின் மல்லீஸ்வரன் மலைமுடியடியில் ஆட்டம் தொடங்கும்போது இருளப் பிள்ளை வட்டத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. ‘நீ வா, நீ வேண்டாம்’ என்று யாரும் பிரிப்பதில்லை. கால் தப்பினால் பக்கத்துக் கால் சரிசெய்யும். மலைப்புலையரின் ஆட்டமும் உறுமி சொல்கிறபடி மெல்லத் தொடங்கித் தன் போக்கில் சூடேறுவது. போட்டியில் அந்த வட்டம் பிளந்து நடுவர்களைப் பார்த்து நிற்கிறது. ஒரே நிறப் புடவை, எண்ணி எடுத்த ஆட்கள், மணி அடித்தால் முடிவு. அந்தச் சமூகத்துப் பிள்ளைகள்தான் ஆட வேண்டும் என்றில்லை. பணமும் பயிற்சியாளரும் உள்ள எந்தப் பள்ளியும் ஆடலாம். ஊர்ப் பெரியவருக்குச் சில வாரக் கூலி கிடைக்கும். பிறகு பள்ளிக் கதவு அவருக்குச் சாத்திக்கொள்ளும். இதற்குப் பெயர் சம ஆசனமென்றால், சர்க்கஸில் யானைக்குப் போடும் முக்காலியும் ஆசனம்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் நஞ்சியம்மாவை நினைத்துப் பார்க்கட்டும். மாடு மேய்த்துக்கொண்டே பாடிய அட்டப்பாடி இருளப் பெண். ‘அய்யப்பனும் கோஷியும்’ படப் பாட்டுக்காக 2022இல் அவருக்குத் தேசிய விருது அறிவித்தபோது, இவருக்குச் சுருதி சேருமா என்று சங்கீதம் தெரிந்தவர்களே கேட்டார்கள். அவருடைய ஊர்ச் சிறுமி ஒருத்தி அதே குரலில் லளிதகான (மெல்லிசை) போட்டிக்குப் போனால் அவளுக்கு என்ன கிரேடு விழும்? கேள்வி கேட்டவர்களின் காதுதானே நடுவர் நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறது!

உறுமிக்காரரைப் பட்டியலில் ஓர் உருப்படியாக்கியது போதும். வருகைப் பதிவேட்டில் ஆசிரியராக்குங்கள், ஆண்டு முழுக்கச் சம்பளத்தோடு. எந்தப் புள்ளியை எங்கே விட்டோம் என்று பாலக்காட்டில் உருப்படிவாரியாகக் கணக்குப் பார்க்கிறோமே, அதே சிரத்தையோடு அட்டப்பாடியின் அகளி முதல் மறையூர் வரை பாட்டு டீச்சர் இல்லாத பள்ளிகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.